லீவுக்குப் போன சிப்பாய்

ராஜகுமாருக்கும் அவன் தங்கை ஜிஷாவின் கணவன் சிவபிரசாத்துக்கும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. கல்யாணம் முடிந்து பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. சிவபிரசாத் குடிக்க மாட்டான், ஜிஷாவிடம் குரலை உயர்த்த மாட்டான், திருவனந்தபுரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி வேலையில் நல்ல பெயர். இதெல்லாம் தெரிந்தும், மாதத்தின் ரெண்டாம் ஞாயிறும் நாலாம் ஞாயிறும் அவனுடைய வெள்ளைக் கார் பூதப்பாண்டித் தெருவுக்குள் திரும்பும்போது ராஜகுமாருக்கு நெஞ்சுக்குள் ஏதோ புளித்துப் பொங்கும்.

அந்த ஞாயிறுகளில் அப்பா காலை ஆறு மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்வார். பூதலிங்கத்துக்கு எண்பத்து மூன்று வயது. ரெண்டு வருடம் முன்பு குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து அவரைக் குளிப்பாட்டுவது, கால் நகம் வெட்டுவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது எல்லாம் ராஜகுமார்தான். மற்ற நாட்களில் குளிக்கக் கூப்பிட்டால் "கொஞ்சம் பொறு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், ஞாயிறு வந்தால் "எப்பம்டே வெள்ளம் வைப்ப?" என்று அவசரப்படுத்துவார். சவரம் செய்யச் சொல்வார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை கேட்பார். பிறகு முன்னறையில் நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போடச் சொல்லி உட்கார்ந்துவிடுவார்.

ஜூலை மாதத்து ரெண்டாம் ஞாயிறன்றும் அப்படித்தான் நடந்தது. சிவபிரசாத் உள்ளே வந்ததும் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான்.

"மாமா, இன்னைக்கு ஒரு நல்ல சாதனம் கிட்டியிருக்கு. பட்டாளத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு என்னெல்லாம் குடுத்தாங்கன்னு உள்ள லிஸ்ட்."

அரிசி இத்தனை, பருப்பு இத்தனை, தேங்காயெண்ணெய் இத்தனை, வாரத்துக்கு ரெண்டு நாள் ஆட்டுக்கறி. அவன் வாசிக்க வாசிக்க அப்பாவின் முகம் விரிந்துகொண்டே போனது.

"ஆட்டுக்கறி குடுத்திருக்கானுவ, பாத்தியா! எங்க அப்பா நல்லா தின்னிருப்பாரு." அவர் ராஜகுமார் பக்கம் திரும்பினார். ராஜகுமார் அவர் காலடியில் உட்கார்ந்து வீக்கத்துக்கு மருந்து தேய்த்துக்கொண்டிருந்தான். "ஏலே, மாப்பிளைக்குச் சாயா குடுத்தாச்சா?"

ராஜகுமார் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனான். அவன் மனைவி சபிதா ஏற்கெனவே சாயா ஆற்றிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அரிசியும் பருப்பும் வாசிச்சுக் காட்டுகான், அதுக்கு இந்தச் சிரிப்பு" என்றான் அவன்.

"ஒங்களுக்குக் காய்மகாரம்" என்றாள் சபிதா. "சொந்தத் தங்கச்சி மாப்பிளைய பாத்துப் பொறாமைப்படுற ஆளு ஒங்களைத் தவிர வேற யாரும் இருக்க மாட்டாங்க."

"எனக்கு எதுக்குப் பொறாமை?" என்று சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனான். கை சுட்டது.

அப்பாவின் அப்பா பெயர் தாணுமாலயன். 1941-இல் திருவிதாங்கூர் மகாராஜாவின் பட்டாளத்தில் சேர்ந்து போனவர். அப்போது அவர் மனைவி இசக்கியம்மாள் வயிற்றில் பூதலிங்கம் இருந்தார். பிள்ளை பிறந்து நாலு மாதத்தில் ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்து ஒரு வாரம் இருந்தாராம். அதன்பிறகு கொஞ்ச நாள் கடிதம் வந்தது. 1943-க்குப் பிறகு அதுவும் இல்லை. பட்டாளத்திலிருந்தும் எந்தத் தகவலும் வரவில்லை. சண்டையில் செத்துப்போனார் என்று இசக்கியம்மாள் நம்பினாள், தாலியை மட்டும் கழற்றவில்லை. ஊரில் வேறு மாதிரி பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் பூதலிங்கத்துக்கு "ஓடிப்போனவன் மவன்" என்று பெயர். வளர்ந்து அரசு பஸ்ஸில் டிரைவராகி, நாகர்கோவில்-திருவனந்தபுரம் வண்டியை மட்டும் பதினாலு வருடம் ஓட்டி, பென்ஷன் வாங்கி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தப் பெயர் அவருக்குள் இருந்தது. அப்பாவின் ஒரு படம்கூட அவரிடம் கிடையாது.

போன ஓணத்துக்கு வந்திருந்தபோது சிவபிரசாத் பேச்சுவாக்கில் சொன்னான், பழைய திருவிதாங்கூர் பட்டாளத்துக் காகிதங்கள் திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, தேடினால் பெயர் கிடைக்கலாம் என்று. சாப்பிட்டுக்கொண்டிருந்த பூதலிங்கம் கையை இலையிலேயே வைத்துவிட்டு அவனையே பார்த்தார். அன்றைக்குத் தொடங்கியது இது. சிவபிரசாத் பத்மநாபபுரத்துக்காரன், மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தவன். முதல் மாதமே தோவாளை தாலுகாவிலிருந்து சேர்ந்தவர்களின் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தான். ஒன்பதாவது பெயர் தாணுமாலயன். பூதலிங்கம் அந்த வரியை விரலால் தடவித் தடவி அந்த இடத்தில் மை மங்கிவிட்டது. அதன்பிறகு முகாம் இருந்த இடத்தின் வரைபடம், உடுப்பின் படம், ஊதல் ஊதும் நேரங்கள் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. தாணுமாலயன் என்ன ஆனார் என்பது மட்டும் வரவில்லை. "தேடிக்கிட்டே இருக்கேன் மாமா" என்பான் சிவபிரசாத்.

அந்த ஞாயிறு அவன் போனபின், ராஜகுமார் உறையை எடுத்து வைக்கும்போது சாப்பாட்டுப் பட்டியலின் மேல் மூலையில் ஒரு எண்ணைப் பார்த்தான். காப்பகத்தில் அந்தக் காகிதம் இருக்கும் கட்டின் எண். பழைய காகிதங்களைப் புரட்டினான். வரைபடத்தில் ஒரு எண், உடுப்புப் படத்தில் இன்னொரு எண். தோவாளைப் பட்டியலில் இருந்த எண்ணைத் தன் போனில் குறித்துக்கொண்டான். தானும் போய்த் தேடினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. தேடி, கண்டுபிடித்து, அப்பா கையில் தானே கொடுத்தால் என்ன.

ராஜகுமாருக்கு ஆரல்வாய்மொழியில் காற்றாலை பராமரிப்பு வேலை. ஆடிக்காற்று வீசும் காலத்தில் லீவு கிடைக்கவே கிடைக்காது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சூப்பர்வைசரிடம் பொய் சொல்லிவிட்டுச் செவ்வாய்க்கிழமை காலை ரயிலைப் பிடித்தான். சபிதாவிடம்கூட வேலைக்குப் போவதாகத்தான் சொன்னான்.

காப்பகத்தில் இருந்த அலுவலர் அம்மா பொறுமையானவர். ஆதார் நகல் வாங்கிக்கொண்டு, விண்ணப்பம் எழுத உதவி செய்து, அவன் சொன்ன எண்ணைப் பார்த்துவிட்டு, "இந்தப் பட்டியலோட ஆளுங்களுக்குத் தனித்தனி ஷீட் ரோல் அடுத்த கட்டுல இருக்கு. அதையும் எடுக்கட்டுமா?" என்று கேட்டார். ஷீட் ரோல் என்றால் ஒரு சிப்பாயைப் பற்றி எல்லாமே எழுதி வைத்திருக்கிற தாள் என்று அவரே விளக்கினார்.

ராஜகுமார் அவசரமாகத் தலையாட்டினான். இவ்வளவு லேசா?

சிவப்பு நாடா கட்டிய கட்டு வந்தது. மேலே ஒரு சீட்டு குத்தியிருந்தது. அந்தக் கட்டை வாங்கிப் பார்த்தவர்கள் தேதி போட்டுக் கையெழுத்து வைக்கும் சீட்டு. இவனும் வைக்க வேண்டும். பேனாவை எடுத்தபோது, தனக்கு முந்தைய கையெழுத்தைப் பார்த்தான். பி. சிவபிரசாத். போன வருடம் நவம்பர் பதினாலு.

எட்டு மாதம்.

அவன் நாடாவை அவிழ்த்தான். தாள்கள் தவிட்டு நிறத்தில் இருந்தன. பதினொன்றாவது தாள். ஆங்கிலத்தில் அச்சடித்த கட்டங்கள், அவற்றில் மையால் எழுதிய விவரங்கள். பெயர் தாணுமாலயன். ஊர் பூதப்பாண்டி. வயது இருபத்திரண்டு. உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். தொழில் விவசாயம். அடையாளம், இடது முன்கையில் தீப்புண் தழும்பு. நெருங்கிய உறவு, மனைவி இசக்கியம்மாள். சேர்ந்த நாள் கொல்லம் ஆண்டு 1116 மேடம் 9, அதாவது 1941 ஏப்ரல். அதற்குக் கீழே நாலு வரி மலையாளத்தில். பின்னால் தைத்திருந்த ஒரு மனுவும் மலையாளத்தில். மனுவின் அடியில் கையெழுத்து மட்டும் தமிழில் இருந்தது. அது தாத்தாவின் கையெழுத்து. ராஜகுமார் கண்ணெடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் மனசு முழுக்க அந்தச் சீட்டில்தான் இருந்தது. ‘தேடிக்கிட்டே இருக்கேன் மாமா.’

நகல் கையில் கிடைக்க மத்தியானம் மூன்று மணி ஆனது. மலையாளம் அவனுக்குப் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது தக்கலையில் இறங்கி, பத்திர எழுத்தர் ததேயுஸைப் போய்ப் பார்த்தான். அந்தப் பக்கத்தில் பழைய நில ஆதாரங்களெல்லாம் மலையாளத்தில்தான் இருக்கும். அதை வாசித்துச் சொல்ல எல்லாரும் ததேயுஸிடம்தான் வருவார்கள்.

ததேயுஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கருகே கொண்டுபோய் வாசித்தார்.

"1118 கர்க்கடகத்துல, அதாவது நாப்பத்துமூணு ஆடியில, இருபது நாள் லீவு குடுத்திருக்கு. ஆளு திரும்பி வரல. அடுத்த மாசமே, 1119 சிங்கத்துல, பேரை வெட்டியாச்சு."

"வெட்டியாச்சுன்னா?"

"ஓடிப்போனவன்னு அர்த்தம்." அடுத்த தாளுக்குப் போனார். "இது 1122 தனு மாசம். இங்கிலீஷ் கணக்குல நாப்பத்தாறு கடைசி. அவரே எழுதின மனு. அப்பம் காய்ச்சலா கெடந்ததால வர முடியல, மன்னிக்கணும், ஒரு மில்லுல காவல் வேலை கிட்டும்போல இருக்கு, பட்டாளத்து சர்ட்டிபிகேட் வேணும்னு கேட்டிருக்காரு. தரமாட்டோம்னு கீழ எழுதியிருக்கு." அவர் நிறுத்தினார். "விலாசம் நெய்யாற்றின்கரை, வடக்கேவிளை வீடு. மனைவி கௌரியும் ஒரு பெண்குழந்தையும் தன்னை நம்பி இருக்காங்கன்னும் எழுதியிருக்காரு." கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார். "உமக்கு வேண்டப்பட்டவரா?"

"தூரத்துச் சொந்தம்" என்றான் ராஜகுமார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அவனுக்கு வருத்தம் வரவில்லை என்பதுதான் உண்மை. அப்பாவுக்காக வருத்தப்பட வேண்டும் என்று நினைத்துப் பார்த்தான். அதற்குப் பதில் உடம்பு லேசாக, சந்தோஷம் போல ஒன்று ஏறிக்கொண்டே இருந்தது. சிவபிரசாத் பொய் சொல்லியிருக்கிறான். இஸ்திரிச் சட்டை போட்டுக் காத்திருக்கிற கிழவனிடம் எட்டு மாதமாகப் பொய் சொல்லியிருக்கிறான். அதற்கு ஆதாரம் தன் சட்டைப்பையில் இருக்கிறது.

சிவபிரசாத் வரும் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க அவனுக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை.

நாலாம் ஞாயிறு சிவபிரசாத் ஜிஷாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். பட்டாளத்து வாத்தியக் குழுவைப் பற்றி ஏதோ ஒரு தாள் கொண்டுவந்திருந்தான். அவன் வாசித்து முடிக்கும்வரை ராஜகுமார் சுவரில் சாய்ந்து நின்றான்.

"மாப்ள, ஷீட் ரோல் உள்ள கட்டைப் பாத்தியளா?" என்று கேட்டான்.

சிவபிரசாத் நிமிர்ந்தான். ராஜகுமாரின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. "அத்தான், அதைப் பத்தி நாம பொறவு பேசலாம்" என்றான் மெதுவாக.

"எதுக்குப் பொறவு? நவம்பர் பதினாலு நீங்க கையெழுத்துப் போட்ட சீட்டை நான் பாத்தேன். அப்பாகிட்ட சொன்னியளா?"

"என்னடே சொல்லுக?" என்றார் பூதலிங்கம்.

ராஜகுமார் தாள்களை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தான். ததேயுஸ் சொன்னதை அப்படியே மனப்பாடமாக வைத்திருந்தான். இசக்கியம்மாள் பெயர் வந்தபோது அப்பாவின் தலை ஆடியது. லீவு. திரும்பி வரவில்லை. பேர் வெட்டப்பட்டது. நெய்யாற்றின்கரை. கௌரி. பெண்குழந்தை. ஜிஷா "அண்ணா, போதும்" என்றாள். அவன் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் நிறுத்தினான்.

பிறகு தாள்களை மடித்தான்.

"அந்த மனு எந்த வருசம்னு சொன்ன?" என்றார் பூதலிங்கம்.

"நாப்பத்தாறு கடைசிப்பா."

"எனக்கு அஞ்சு வயசு." அவர் தன் வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். "நெய்யாற்றின்கரை ஸ்டாண்டுல என் வண்டி பத்து நிமிசம் நிக்கும். காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. பதினாலு வருசம்."

ராஜகுமார் இதை யோசித்திருக்கவில்லை. வாசிக்கும்போது அவன் பார்த்துக்கொண்டிருந்தது சிவபிரசாத்தின் முகத்தை மட்டும்தான்.

"என்னைக் கொண்டு உள்ள படுக்க வை" என்றார் அப்பா. சிவபிரசாத்தும் எழுந்தான். அவர் ரெண்டு பேரையும் பார்க்கவில்லை, ஜிஷாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அதன்பிறகு ரெண்டு வாரம் அப்பா தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கொடுத்ததைத் தின்றார். குளிக்கக் கூப்பிட்டால் வந்தார். சிவபிரசாத் வர வேண்டிய ஞாயிறும் வந்தது, அவன் வரவில்லை. அப்பா சட்டை கேட்கவுமில்லை, நாற்காலியைத் திருப்பச் சொல்லவுமில்லை. ராஜகுமார் கேட்டது கிடைத்துவிட்டது. அப்பா முழுக்க முழுக்க அவனிடமே இருந்தார். அவர் காலுக்கு மருந்து தேய்க்கும்போது, மரக்கட்டைக்குத் தேய்ப்பதுபோல் இருந்தது.

"சந்தோசமா?" என்று சபிதா ஒரே ஒரு தடவை கேட்டாள்.

மூன்றாவது வாரம் ஒருநாள் காலையில் அப்பாவாகவே வாயைத் திறந்தார். "நெய்யாற்றின்கரைக்கு ஒரு தடவை போணும்."

"நாளைக்கே போவோம்பா. நான் லீவு போடுகேன்" என்று ராஜகுமார் எழுந்தேவிட்டான்.

"சிவபிரசாத்தும் வரட்டு."

அந்தப் பழைய புளிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. பொய் சொன்னவன் அவன், உண்மையைக் கொண்டுவந்தவன் நான், என்று சொல்லத்தான் நினைத்தான். அப்பாவின் கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

சிவபிரசாத் முதல் மணியிலேயே எடுத்தான். ராஜகுமார் விஷயத்தைச் சொன்னான்.

"நான் வாறேன் அத்தான்." பிறகு, "நீங்க கேக்கல, ஆனா சொல்லிருகேன். முதல்ல மாமாவுக்குத் தாங்காதுன்னுதான் சொல்லாம விட்டேன். அது ஒரு மாசம், ரெண்டு மாசம். அதுக்குப் பொறவு அது இல்ல காரணம்."

"பொறவு என்ன?"

"எனக்கு ஏழு வயசுல அப்பா போயாச்சு. யாரும் எனக்காக நாற்காலி போட்டு வாசலைப் பாத்து இருந்ததில்ல. முடிவைச் சொல்லிட்டா நான் வரவேண்டிய காரியம் முடிஞ்சிரும். அதனால சும்மா அதையும் இதையும் கொண்டு வந்தேன், அரிசிக் கணக்கு, பருப்புக் கணக்குன்னு." பிறகு கேட்டான். "நீங்க மாமா கால்ல மருந்து தேய்க்கும்போது எனக்கு எவ்வளவு பொறாமையா இருக்கும்னு தெரியுமா? அவரு ஒங்க தலைமேல கை ஊணித்தான் எழும்புவாரு. நான் இருந்தா, கைத்தடியைத் தேடுவாரு."

ராஜகுமாருக்கு அந்தக் கை ஞாபகம் வந்தது. அதன் கனம்கூட உச்சியில் தெரிந்தது. அதை அவன் ஒரு வேலையாகத்தான் எண்ணியிருந்தான்.

"காலம்பற எட்டு மணிக்கு நெய்யாற்றின்கரை ஸ்டாண்டுல நில்லுங்க" என்று சொல்லி வைத்தான்.

வடக்கேவிளை வீட்டைக் கண்டுபிடிக்க அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. பழைய ரேஷன் கடைக்காரர் கையை நீட்டிக் காட்டினார். ஓட்டு வீடு போய்ச் சின்ன மாடி வீடு இருந்தது. வராந்தாவில் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். பெயர் சரோஜினி. பக்கத்தில் அவள் மகள், பள்ளிக்கூட ஆசிரியை.

பூதலிங்கம் பஸ் ஓட்டிப் பழகிய மலையாளத்தில் தான் யாரென்று சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். சரோஜினி பத்திரிகையை மடித்தாள்.

"ஆள் மாறிப் போச்சு" என்றாள் மலையாளத்தில். "எங்க அச்சனுக்கு நானும் என் தங்கச்சியும் மட்டும்தான். அச்சன் எங்களை விட்டு ஒருநாள் எங்கேயும் போனதில்லை."

சிவபிரசாத் தன்னிடமிருந்த ஷீட் ரோல் நகலை அவள் மகளிடம் கொடுத்தான். மகள் சத்தமாக வாசித்தாள். பெயர், ஊர், உயரம். "அடையாளம், இடது முன்கையில் தீப்புண் தழும்பு." மகள் அங்கே நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள்.

சரோஜினி எழுந்து வந்து தாளை வாங்கிக்கொண்டாள். "அது மில்லுல பட்ட தழும்பு. கொதிக்கிற எண்ணெய் தெறிச்சதுன்னு அச்சன் சொல்லியிருக்கு."

"அம்மா, இது நாப்பத்தொண்ணாம் வருசம்" என்றாள் மகள். "மில்லுக்குப் போனது அதுக்கு எவ்வளவோ பின்னால."

சரோஜினி மனைவி என்ற கட்டத்தில் இருந்த பெயரைப் பார்த்தாள். இசக்கியம்மாள். தன்னிடமும் அச்சன் பொய் சொல்லியிருக்கிறார் என்று அந்த வயதில் தெரிந்துகொண்ட பெண்ணின் முகம் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. தாளைத் திருப்பிக் கொடுக்காமல் உள்ளே போனாள். அவள் இனி வரமாட்டாள் என்றுதான் ராஜகுமார் நினைத்தான். கண்ணாடி போட்ட ஒரு படத்தோடு வந்து, பூதலிங்கத்தின் மடியில் வைத்தாள். தலை நரைத்த, மேல்சட்டை போடாத ஒரு மனிதர், காது ரெண்டும் விடைத்து நின்றன.

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். தொடவில்லை.

"எப்பம் போனாரு?"

"எண்பத்தேழாம் வருசம். இங்க இருந்த பழைய வீட்டுலதான்." பிறகு அவள் கேட்காமலேயே பேசத் தொடங்கினாள். அச்சன் மில்லிலிருந்து வரும்போது தினமும் பழம்பொரி வாங்கி வருவார். அச்சன்தான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், இந்தத் தெருவில் பின்னாலேயே ஓடி வருவார். உற்சவத்துக்குத் தோளில் ஏற்றிக்கொண்டு போவார். என் கல்யாணத்தன்று அழுத அழுகை ஊருக்கே தெரியும். ஒவ்வொன்றையும் அவள் ஒரு கல்லை எடுத்து வைப்பதுபோல வைத்தாள். அச்சன் எங்களுடையவர், எங்களுடையவர் என்று அதற்கு அர்த்தம்.

ராஜகுமார் அப்பாவைப் பார்த்தான். எண்பத்து மூன்று வயது மனிதரின் முகம் சிறுத்து, உதடு இறுகி, கண் ரெண்டும் அந்தப் பெண்ணின் மேல் நிலைகுத்தி நின்றது. அது துக்கம் இல்லை. ராஜகுமாருக்கு அது நன்றாகத் தெரிந்த ஒன்று. பத்துப் பதினொரு மாதமாகத் தன் நெஞ்சுக்குள் கிடந்ததுதான் அப்பாவின் முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அவன் எழுந்து போய் அப்பாவின் நாற்காலிப் பக்கத்தில் நின்றான். என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் தோளில் கையை வைத்தான்.

"போலாம்" என்றார் பூதலிங்கம். மகள் எலுமிச்சை வெள்ளம் கொண்டுவந்தாள். அதைக் குடித்தார். படத்தைப் போனில் எடுத்துக்கொள்ளலாமா என்று சிவபிரசாத் கேட்டதற்கு, சரோஜினி கொஞ்சம் யோசித்துத்தான் தலையாட்டினாள்.

ராஜகுமார் இரவல் வாங்கி ஓட்டி வந்த காரில் அப்பா முன்சீட்டிலும் சிவபிரசாத் பின்சீட்டிலும் உட்கார்ந்தார்கள். களியக்காவிளை தாண்டி, ராஜகுமார் ஒரு லாரியை முந்தியபோது அப்பா "பைய போடே" என்றார். பிறகு வெளியே பார்த்தபடி சொன்னார்.

"அவளுக்கு சைக்கிள் படிச்சுக் குடுத்திருக்காரு."

பின்சீட்டில் சிவபிரசாத் அசைந்து உட்கார்ந்தான்.

"தினம் பழம்பொரி" என்றார் அப்பா.

"நானும் இப்படித்தான் இருந்தேன்பா, இந்த வருசம் பூரா" என்றான் ராஜகுமார். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மாப்ள வரும்போதெல்லாம்."

அப்பா திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு பின்னால் இருந்தவனைப் பார்த்தார். "எனக்குத் தெரியாம இருக்குமா?" என்றார். "வயசான காலத்துல என்னைப் பங்கு போட ரெண்டு பேருன்னு உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோசமா இருந்தது மக்கா. அதனாலதான் நானும் சொல்லல." சிவபிரசாத் முதலில் சிரித்தான். அப்புறம் ராஜகுமாருக்கும் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை.

பத்து நாள் கழிந்து சரோஜினியின் மகள் போனில் கூப்பிட்டாள். அம்மா திருப்பித் தராமல் வைத்துக்கொண்டது ஷீட் ரோல் மட்டும்தான், அது நனைந்து கிழிந்துபோனது. சிவபிரசாத் சொல்லியிருந்த, அச்சனுடைய கையெழுத்து உள்ள மனு வேண்டும் என்று அம்மா கேட்கிறாள், அதன் நகல் மட்டும் போதும், ஷீட் ரோல் வேண்டாம் என்றாள்.

"வேண்டாம். குடுக்காத" என்றார் பூதலிங்கம் உடனே. "அவளுக்கு அவரே இருந்தாரு. எனக்கு அந்தப் பேப்பர்தான் உண்டு."

ராஜகுமார் வற்புறுத்தவில்லை. எப்படி வற்புறுத்த முடியும். சிவபிரசாத் மறுபடி ஞாயிறுகளில் வரத் தொடங்கியிருந்தான், வெறுங்கையோடு. அவன் காரின் சத்தம் கேட்டு அப்பா நிமிரும்போது இப்போதும் ராஜகுமாருக்குச் சுருக்கென்று ஒன்று குத்தத்தான் செய்தது. சாயா கொண்டுவரப் போகாமல் அவனும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு வியாழக்கிழமை, தலைக்கு வெள்ளம் ஊற்றும்போது அப்பா கண்ணை மூடியபடியே சொன்னார்.

"அவளுக்கு அனுப்பு. அவ கேட்டது மட்டும் இல்ல, ரெண்டையும் சேத்து அனுப்பு. எங்க அம்மை பேரு உள்ளதை மேல வை."

அன்று மத்தியானம் பூதப்பாண்டி ஜெராக்ஸ் கடையில் ராஜகுமார் நகல் எடுத்துக் கவரில் போட்டான். இசக்கியம்மாள் பெயருள்ள தாள் மேலே, மனு கீழே. வீட்டுக்குக் கொண்டுவந்து விலாசம் எழுதும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அனுப்புநர் எழுதினியா?"

"எழுதுகேன். பூதலிங்கம், பூதப்பாண்டி. போதுமா?"

"போதாது" என்றார் அவர். "தகப்பன் பேரையும் சேத்து எழுது."